கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத வெளி டிவி டியூனர்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

டியூனரைச் சொருகியாயிற்று; சத்தமும் இல்லை, படமும் இல்லை. உடனே எல்லோரும் இறங்குவது டிரைவர் (சொருகிய பொருளோடு கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் சின்ன மென்பொருள்) வேட்டையில்தான். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் முதல், அரசு கொடுத்த மடிக்கணினியில் டிவி பார்க்க நினைக்கும் மாணவர் வரை இதில் வித்தியாசமே இல்லை. நாலைந்து டிரைவரை இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, நன்றாக இருந்த சிஸ்டத்தையும் குழப்பிவிடுகிறார்கள்.

டியூனருக்குக் கரண்ட் போக வேண்டும். கம்ப்யூட்டர் அதன் அடையாள எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய டிரைவர் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் டிவி மென்பொருள் அதைத் திறக்க முடியும். இந்த நான்கில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. டிரைவர் இதில் மூன்றாவது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பென்டிரைவ். போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இது போதும். டியூனர் தனி யூஎஸ்பி ஒயரில் இணைவது என்றால், டேட்டா போகும் இன்னொரு ஒயர். சோதித்துப் பார்க்க இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று, பக்கத்து வீட்டு மடிக்கணினியாக இருந்தாலும் சரி. 8 ஜிபி காலி பென்டிரைவ் ஒன்று. அது லினக்ஸுக்கு, பின்னால் வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி கடலோர ஊர் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“வெளி டியூனர்” என்ற ஒரே பெயரில் கடைகளில் மூன்று வேறு பொருள்கள் விற்றன. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிப் பேருடைய நேரம் வீணாகிறது.

முதல் வகை, மானிட்டருக்கும் சிபியூவுக்கும் நடுவில் உட்காரும் பெட்டி. பின்பக்கம் விஜிஏ உள்ளே ஒன்று, விஜிஏ வெளியே ஒன்று, ஏவி (படம், ஒலி) சொருகும் துளைகள், ஒரு ரிமோட். இதைக் கம்ப்யூட்டர் ஒருநாளும் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ள வேண்டியதும் இல்லை. படம் பெட்டியிலிருந்து நேராக மானிட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் டிவி தெரியும். இதற்கு டிரைவர் கிடையாது, இதில் பதிவு செய்யவும் முடியாது.

இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில் யூஎஸ்பி துளை இருக்கும். அது பென்டிரைவில் உள்ள படத்தைப் போட்டுப் பார்க்க வைத்தது. இருபக்கமும் ஆண் முனை உள்ள ஒயரை வாங்கி அதையும் கம்ப்யூட்டரையும் இணைக்காதீர்கள். இரண்டு பக்கமும் 5 வோல்ட் வெளியே தள்ளும் துளைகள். ஏதாவது ஒரு பக்கத்து போர்ட் போய்விடும்.

இரண்டாவது வகை, யூஎஸ்பியில் சொருகும் குச்சி அல்லது சின்னப் பெட்டி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரோ ஆன்டெனா ஒயரோ இதில் வந்து சேரும். இந்த வழிகாட்டி முக்கியமாக இதற்குத்தான்.

மூன்றாவது, எச்டிஎம்ஐ கேப்சர் குச்சி. இது கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரு வெப்கேமரா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி டிரைவர் வேண்டியதில்லை.

எதுவுமே வாங்காமல், செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ ஒயரை மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் சொருகிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. சாதாரண மடிக்கணினியில் அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். உள்ளே வாங்காது. விஜிஏ துளையும் அப்படியே.

3. யூஎஸ்பி தவிர எல்லா ஒயரையும் கழற்றுங்கள்

கண்டுகொள்ள சிக்னல் தேவையில்லை. ஆன்டெனா, கேபிள், செட்டாப் பாக்ஸ் எதுவும் இல்லாமலே டியூனர் தன் அடையாள எண்ணைச் சொல்லும். அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டியூனரை மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செட்டாப் பாக்ஸ்களில் பெரும்பாலானவை இரண்டு பின் பிளக் உள்ளவை, எர்த் கிடையாது. அவற்றின் ஏவி துளையின் வெளி வளையத்தில் டெஸ்டரை வைத்தால் மினுக்கும். கை பட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கும். உள்ளே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறு மின்சாரம் அது. அந்த ஒயரை டியூனரில் சொருகியதும் கசிவு டியூனர் வழியாகக் கம்ப்யூட்டரின் எர்த்தைத் தேடிப் போகிறது. ஏவி ஒயர் இருக்கும்போது காணாமல் போய், கழற்றியதும் டியூனர் தெரிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், டிரைவரை அல்ல.

4. போர்ட், ஒயர், கரண்ட்

மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிடுங்கள். அது உள்ளே மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. அந்த ஒயரும் அதன் இணைப்பும் தளர்ந்திருப்பது சகஜம். பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி), எக்ஸ்டென்ஷன் ஒயர் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

நீலத் துளையையும் கறுப்புத் துளையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நீலம் யூஎஸ்பி 3, கறுப்பு யூஎஸ்பி 2. பழைய அனலாக் டியூனர் குச்சிகளில் சில யூஎஸ்பி 3 துளையில் தடுமாறும், கறுப்பில் உடனே வந்துவிடும். இன்னொரு பக்கம், யூஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 துளை 900. கரண்ட் போதாத டியூனருக்கு நீலம் உதவும். அதனால் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

தனி ஒயரில் இணையும் பெட்டி என்றால் அந்த ஒயரை நம்பாதீர்கள். பவர் பேங்க், ஸ்பீக்கர் இவற்றோடு வரும் ஒயர்கள் சிலவற்றில் சார்ஜுக்கான இரண்டு கம்பிகள் மட்டும்தான் இருக்கும்; டேட்டாவுக்கான இரண்டும் இருக்காது. டியூனரில் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் மூச்சுவிடாது. “லைட் எரியுதே, அப்ப ஒயர் நல்லாத்தானே இருக்கு” என்று நினைத்து இங்கேதான் ஏமாறுகிறார்கள். விளக்கு எரிவதற்கு டேட்டா வேண்டியதில்லை. அதே ஒயரில் ஒரு போனை இணைத்து, கம்ப்யூட்டரில் போனின் ஃபைல்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் அது டேட்டா ஒயர். ஒயரின் நீளமும் யூஎஸ்பி 2 விதிப்படி 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மலிவான மெல்லிய ஒயரில் அதற்கு முன்பே வோல்டேஜ் இறங்கிவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் போர்ட்டின் இரண்டு ஓரத் தகடுகளுக்கும் நடுவே டிசி வோல்டேஜ் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். வெறும் போர்ட்டில் 5 காட்டி, டியூனரைச் சொருகியதும் சட்டென்று இறங்கினால் போர்ட்டோ பவர் சப்ளையோ தளர்ந்திருக்கிறது, அல்லது டியூனர் உள்ளே ஷார்ட். அளக்கும்போது முள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் டியூனரின் யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே நான்கு தகடுகள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் கொஞ்சம் நீளம், கரண்டுக்கு. நடுவில் உள்ள இரண்டும் சற்றுக் குட்டை, டேட்டாவுக்கு. உப்புக்காற்று பட்ட முனையில் பச்சையாகவோ மங்கிய பழுப்பாகவோ ஒரு படலம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது இன்னும் வேகமாக ஏறும். நடு இரண்டில் ஒன்றில் படலம் படிந்தாலும் விளக்கு எரியும், பேச்சு நடக்காது. பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு சொருகுங்கள். கத்தியால் சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும் மேல்பூச்சை எடுத்துவிடும். அப்புறம் அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

தனி அடாப்டர் உள்ள பெட்டி என்றால், அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸ் படமும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் பெட்டியில் சொருகினால் அதோடு முடிந்தது.

5. டிவைஸ் மேனேஜர் சொல்வதைப் படியுங்கள்

எல்லாத் தீர்ப்பும் இங்கேதான். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து, கம்ப்யூட்டரில் உள்ள பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு டியூனரைச் சொருகுங்கள். சொருகும் நொடியில் பட்டியல் ஒரு முறை சிமிட்டிப் புதுப்பிக்கும். சிமிட்டினால் கம்ப்யூட்டர் எதையோ உணர்ந்துவிட்டது. சிமிட்டவே இல்லை என்றால், அதே துளையில் பென்டிரைவைப் போட்டுப் பாருங்கள். பென்டிரைவ் வந்து டியூனர் வரவில்லை என்றால் டிரைவரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள், அல்லது டியூனரே போய்விட்டது.

சிமிட்டியது என்றால் புதிதாக என்ன வந்தது என்று தேடுங்கள். “சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்”, “கேமராஸ்”, “இமேஜிங் டிவைசஸ்”, “அதர் டிவைசஸ்”, “யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்” இந்த ஐந்தில் ஒன்றில் இருக்கும். அதை இரட்டைக் கிளிக் செய்யுங்கள்; கோளாறு இருந்தால் ஜெனரல் பக்கத்தில் ஒரு கோட் எண் தெரியும்.

கோட் 28 என்றால் டிரைவர் இல்லை, அவ்வளவுதான். இது நல்ல செய்தி; டியூனர் உயிரோடு இருக்கிறது.

கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, டியூனரைக் கிளப்ப முடியவில்லை. தவறான டிரைவராக இருக்கலாம், கரண்ட் போதாமலும் இருக்கலாம். முதலில் போர்ட்டை மாற்றுங்கள், பிறகு டிரைவர்.

கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. கோட் 39 என்றால் டிரைவர் ஃபைல் கெட்டிருக்கிறது, காணவில்லை, அல்லது ஏற்ற முடியவில்லை. கோட் 22 என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் முடிந்தது.

கோட் 43 தான் ஆட்களை அலைக்கழிப்பது. “அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்” என்று பெயர் காட்டும். டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி (தயாரித்த நிறுவனத்தின் எண்) என்பதற்குப் பக்கத்தில் 0000, பிஐடிக்கு (அந்தப் பொருளின் எண்) பக்கத்தில் 0002 மாதிரி ஒரு எண் இருந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பொருளின் அடையாளத்தைப் படிக்கவே இல்லை. “யாரோ வந்திருக்கிறார், பெயர் கேட்டேன், பதில் இல்லை” என்பதற்கு விண்டோஸ் தானாக வைத்த பெயர் அது. உலகத்தில் உள்ள எந்த டிரைவரும் இதைச் சரி செய்யாது. பெயர் தெரியாதவருக்கு எந்த டிரைவரைக் கொடுப்பது?

அப்படி வந்தால் கம்ப்யூட்டரை முழுக்க அணையுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பிளக்கையே பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கி யூஎஸ்பி கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும். விண்டோஸில் வெறும் ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் பழைய நிலையைச் சேமித்து வைத்து அப்படியே எழுப்பிவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அது நடக்காது. பிறகும் அதே பூஜ்யங்கள், இரண்டாவது கம்ப்யூட்டரிலும் அதே பூஜ்யங்கள் என்றால் டியூனர் பழுது. இடி இடித்த இரவுக்குப் பிறகு இப்படி ஆனால் கேபிள் வழியாக வந்த அதிர்ச்சியில் சிப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

6. எண்ணை வைத்து சிப்பைக் கண்டுபிடியுங்கள்

ஹார்டுவேர் ஐடியில் உண்மையான எண் வந்தால் வேலை பாதி முடிந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை மறந்துவிடுங்கள். ஒரே கறுப்புக் குச்சி, ஒரே படம் போட்ட அட்டை, உள்ளே நான்கு விதமான சிப் என்று சந்தையில் கிடக்கிறது. பெட்டியோடு வரும் சிடி வேறு சிப்புக்கு உரியதாக இருப்பதும் உண்டு.

விஐடி ஈபி1ஏ என்றால் எம்பியா. 05ஈ1, பிஐடி 0408 என்றால் சின்டெக் எஸ்டிகே1160. 1பி71, பிஐடி 3002 என்றால் யூடிவி007. 1சி88 என்றால் சோமேஜிக். 0பிடிஏ என்பது ரியல்டெக். 07சிஏ அவர்மீடியா, 2304 பினாக்கிள், 2040 ஹாப்பாஜ். 534டி, பிஐடி 2109 என்றால் அது டியூனரே அல்ல, எச்டிஎம்ஐ கேப்சர்.

சோமேஜிக் சிப் முதலில் 0007 என்று காட்டி, ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏறிய பிறகு வேறு பிஐடியில் மறுபடி வரும். ஒருமுறை போய் வருகிற சத்தம் கேட்கும். அது பழுதல்ல.

7. இப்போது டிரைவர்

முதலில் பழைய குப்பையை எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் கொடுத்தால், முன்பு ஏற்றிய டியூனர்கள் மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவரையும் நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் போடாவிட்டால் அடுத்த முறை சொருகியதும் விண்டோஸ் அதே தவறான டிரைவரைத் தானாக எடுத்து மாட்டும்.

டியூனரைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய டியூனர்களுக்கு மென்பொருளை முதலில் ஏற்றி, அது கேட்கும்போது டியூனரைச் சொருகுவதுதான் முறை. அவசரப்பட்டு முதலில் சொருகினால் பொருத்தமில்லாத பொது டிரைவர் முந்திக்கொள்ளும்.

இறக்கிய டிரைவர் உங்களுடையதுதானா என்று ஏற்றாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. டிரைவர் ஃபோல்டரில் ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, உங்கள் பிஐடி எண்ணைத் தேடுங்கள். பிஐடியும் அதே வரியில் உங்கள் விஐடியும் இருந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் அந்த டிரைவர் உங்கள் டியூனரை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டு நிமிட வேலை, ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

டியூனரின் பெயரில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், பிறகு கம்ப்யூட்டரில் தேடும் தேர்வு, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிரைவர் கையில் இல்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்.

8. விண்டோஸ் தடுக்கும் இடங்கள்

64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது. இதற்குச் சுற்றுவழி கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து சிடியில் பெரும்பாலும் 32 பிட் மட்டும்தான் இருக்கும்.

கோட் 52 வந்தால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி தொடங்கும்போது, கையெழுத்துச் சோதனையை நிறுத்தும் 7 என்ற எண்ணை அழுத்தலாம். இது ஒரு முறைக்குத்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் தடை திரும்பிவிடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மடிக்கணினி என்றால் இடையில் ரிகவரி கீ கேட்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியும் பழைய டிரைவர்களைத் தடுக்கும். அதை அணைத்து வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வங்கி வேலையும் செய்யும் கம்ப்யூட்டரில் ஒரு பழைய டியூனருக்காக அந்தக் காவலை எடுப்பது சரியல்ல. மூலையில் கிடக்கும் விண்டோஸ் 7 மடிக்கணினியை இணையத்தில் இணைக்காமல் இதற்கென்றே வைத்துக்கொள்வது மேல்.

9. லினக்ஸ் வைத்துத் தீர்ப்பு

பழுது டியூனரிலா விண்டோஸிலா என்று இழுத்துக்கொண்டே போனால், பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) எழுதி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். எழுதும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பென்டிரைவிலிருந்தே ஓட்டிச் சோதிக்கலாம். எம்பியா, எஸ்டிகே1160, யூடிவி007 மூன்றுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து எழுத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். வரிசையில் உங்கள் விஐடி, பிஐடி வந்தால் டியூனர் நலம். சிக்கல் விண்டோஸ் பக்கம். இங்கேயும் வரவில்லை என்றால் டிரைவர் தேடுவதை நிறுத்திவிடலாம்.

10. டிவைஸ் வந்துவிட்டது, மென்பொருள் மட்டும் பார்க்கவில்லை

விண்டோஸ் 10, 11-இல் முதலில் பார்க்க வேண்டியது பிரைவசி பகுதியில் உள்ள கேமரா அனுமதி. டெஸ்க்டாப் மென்பொருள்களுக்குக் கேமரா தடை போட்டிருந்தால் கேப்சர் குச்சியும் மறைந்துவிடும். அடுத்தது, இன்னொரு மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள் கேட்டால் பெரும்பாலும் இரண்டாவதற்குக் கிடைக்காது.

சிறிது நேரம் ஓடிவிட்டுக் காணாமல் போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் திறந்து, மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். டியூனர் கை வைக்க முடியாமல் சுடுகிறதா என்றும் பாருங்கள்.

11. ஒயர்களைத் திரும்ப மாட்டும் வரிசை

செட்டாப் பாக்ஸ், விசிஆர் (வீடியோ கேசட் பிளேயர்), கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டு ஏவி ஒயரை மாட்டுங்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன கசிவு, கரண்ட் ஓடும்போது சொருகும் அந்த நொடியில்தான் டியூனரில் சிக்னல் நுழையும் பகுதியைக் கெடுக்கும். கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக் உண்மையான எர்த் உள்ள சாக்கெட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

பிறகு மென்பொருளில் இன்புட் கம்போசிட் (மஞ்சள் ஏவி ஒயர்), முறை பிஏஎல் (‘பால்’, நம் நாட்டு டிவி முறை) என்று வையுங்கள். என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்று விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வரும். நம் வீட்டுக் கேபிள் டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் வருகிறது என்பதால், டியூனரில் நேரடியாகக் கேபிளைச் சொருகி சேனல் ஸ்கேன் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அதைக் குறை சொல்லக்கூடாது. டிஷ் ஒயரும் அப்படியே: தரைவழிச் சிக்னலுக்கான டியூனர் எல்என்பிக்கு (டிஷ் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி) வேண்டிய 13 அல்லது 18 வோல்ட்டைத் தராது. செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐயைக் கேப்சர் குச்சியில் போட்டுத் திரை கறுப்பாகவே இருந்தால் அது நகல் தடுப்பாக இருக்கலாம். மஞ்சள் ஏவி ஒயருக்கு மாறிப் பாருங்கள்.